சாய்ந்து நின்றபோது சாயாத கோடு

செல்விக்கும் மூர்த்திக்கும்,

போன மாதம் செல்வி வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். வயிற்றில் ஏதோ பசையைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பித்தப்பையில் கல் எதுவும் இல்லை" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வெளியே நான் வாங்கி வைத்த டீ ஆறக்கூட இல்லை. திரும்பும் பஸ்ஸில் செல்வி கேட்டாள், "அம்மாவுக்கு அந்தக் காலத்துல எப்படிப்பா கண்டுபிடிச்சாங்க?" பஸ் இரைச்சலில் பாதிதான் சொன்னேன். மூர்த்திக்கு அந்தப் பாதியும் தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பன் எட்டாவதைத் தாண்டாதவன்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பம்புசெட் பட்டறையில்தான் லேத் வேலை கற்றேன். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க எங்களுக்கு வேலை ஏறும். தேய்ந்த தண்டுகளையும் புஷ்களையும் கடைந்து கடைந்து கை பழகிவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மெக்கானிக் வேலை கிடைத்தது. கட்டில் சக்கரம், ஜெனரேட்டர், கொதிகலன் மூடி, எல்லாம் என் பொறுப்பு. பின்கட்டில் ஒரு பழைய லேத்தும் இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, அதன் படுக்கைச் சட்டத்தை மட்டம் பார்த்து ஓட்டத் தொடங்கியபோதுதான் சுபத்ரா டாக்டர் என்னைத் தேடி வந்தார்.

அவர் எக்ஸ்ரே பிரிவின் தலைவர். மலையாளி, எங்களோடு பேசப் பேசத் தமிழ் கற்றவர். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. செய்து கொடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சரியில்லை என்றால் நம் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, "இது போரா" என்பார். போதாது என்று பொருள். கோபம் இருக்காது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

பித்தப்பைக் கற்களில் சில படத்தில் தெரிகின்றன, சில தெரிவதில்லை. ஏன், எப்படி எடுத்தால் தெரியும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. முதலில் என்னிடம் கேட்டது ஒரு சிறிய அலுமினியப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். நோயாளியின் படத்தோடு அதையும் ஓரத்தில் வைத்து எடுத்தால், கறுப்பிலிருந்து வெளுப்புவரை படிப்படியாக நிழல் விழும். அதை வைத்து நேற்றைய படமும் இன்றைய படமும் ஒரே தரமா என்று சொல்லிவிடலாம். செய்து கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாலாமத்த படி போரா" என்று கையில் வைத்தார். பட்டறைக்கு வந்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். தலைமயிரைவிட மெல்லிய பிசகு. அவர் சொன்ன அதே படியில். அன்றிலிருந்து அவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் அளந்து பார்ப்பேன்.

பிறகு கற்களையே மெல்லிய வில்லைகளாகச் சீவித் தரச் சொன்னார். ஆபரேஷனில் எடுத்த கற்களைப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். இரும்பு வெட்டிய கைக்கு அது புது வேலை. பிடியில் வைத்து இறுக்கினால் நொறுங்கியது. வேகமாக அறுத்தால் சூட்டில் மெழுகு மாதிரி இளகியது. கடைசியில் தட்டார் தெருவில் நகையை அரக்கில் பதித்து வேலை செய்வதுபோல, கல்லை மெழுகில் பதித்து, பற்கள் நுணுக்கமான வட்ட ரம்பத்தை மெதுவாகச் சுழலவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சீவினேன். உள்ளே மர வளையம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. அந்த வில்லைகள் ஜன்னல் விளிம்புக்குப் போயின.

உங்கள் அம்மாவுக்கு வலி வந்தது அந்தச் சமயத்தில்தான். செல்வி அப்போது இடுப்புக் குழந்தை. மூர்த்தி பிறக்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து பாத்திரம் கழுவுவாள். அக்கம்பக்கத்தார் வாயு என்றார்கள். எண்ணெய் பட்டால் வலி என்று தெரிந்ததும் கஞ்சியிலேயே காலத்தை ஓட்டினாள். வளையல்கள் முழங்கைவரை ஏறின.

அன்றைக்குப் பித்தப்பையைப் படம் எடுப்பது ஒரு நோன்பு. முந்தின நாள் எண்ணெய், பால் படாத சாப்பாடு. அதன்பின் மாத்திரைகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விழுங்க வேண்டும். அதன் மருந்து ரத்தத்தில் கலந்து பித்தப்பையில் போய்ச் சேரும். காலையில் வெறும் வயிற்றோடு மேஜையில் படுக்கவைத்து எடுத்தால் பை வெள்ளையாக விழும்; கல் இருந்தால் அந்த வெள்ளையில் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். அம்மாவுக்கு இரண்டு முறை எடுத்தோம். இரண்டு முறையும் பை வெள்ளைக் கத்தரிக்காய் மாதிரி அழகாக விழுந்தது. உள்ளே ஒரு புள்ளி இல்லை.

ஆபரேஷன் செய்கிறவர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். எல்லாரும் சாமி டாக்டர் என்போம். தங்கமான கை. படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நாச்சிமுத்து, நேக்கும் சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகத்தை நம்பி ஒரு தடவை ஒருத்தர் வயித்தைத் திறந்தேன். உள்ளே ஒண்ணும் இல்லை. அவர் தேறி எழுந்திருக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு பகவானுக்குத்தான் தெரியும். உன் ஆத்துக்காரி இருக்கற பலத்துல அந்த மாதிரி ஒரு தப்பு பண்ணப்படாது. கல்லைக் காட்டுங்கோ, கத்தியை எடுக்கறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்குள் உங்கள் மாமா பாண்டி உடும்பஞ்சோலையிலிருந்து வந்துவிட்டான். உங்கள் தாத்தா ஏலக்காய் வியாபாரத்துக்காக மலையில் குடியேறியவர் அல்லவா, உங்கம்மா கல்யாணமாகி வந்து எங்கள் பேச்சுக்கு மாறிவிட்டாலும் அவன் பேச்சும் பிடிவாதமும் அந்த மலையுடையவை.

"மச்சான், கோவிச்சாலும் சரி. படம் படம்னு அக்காள எலும்பாக்கிட்டீக. நான் கூட்டிட்டுப் போறேன். அங்கன பச்சிலை குடுக்கற ஆளு இருக்காரு."

"மாப்ளே, வழியில அவளுக்கு வலி வந்தா அந்த மலைப் பாதையில பஸ்ஸ எங்க நிறுத்துவே?"

"இங்கன நிறுத்தி என்ன கண்டீக?"

படுக்கையிலிருந்து உங்கம்மா சொன்னாள்: "ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிச்சுட்டுச் சொல்லுங்க. நானு எந்தப் பக்கம் சாகோணும்னு முடிவு பண்ணிக்கறேன்."

பாண்டி சண்டையை விட்டான். ஆனால் அமாவாசை கழிந்ததும் அழைத்துப் போவதாக உறுதியாகச் சொல்லிவிட்டான். எனக்கு அதுவரைதான் அவகாசம்.

சுபத்ரா டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஆஸ்பத்திரி மாட்டின் தீவனத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை உமி எடுத்து வரச் சொல்லி அதன்மேல் போட்டார்.

"மேல இருந்து நோக்கு. உமி பரந்து கிடக்கு. ஒரு நெழலா தெரியுமோ? தெரியாது. இனி பக்கத்துல இருந்து நோக்கு."

குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் உமியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோடாக நின்றது.

"சின்னக் கல்லுகள் இப்படி மிதக்கும். மருந்து கலந்த பித்தம் கனம். உப்புத் தண்ணியில முட்டை மிதக்குமே, அது போல. நம்ம மேஜையில படுத்து எடுத்தா மேல இருந்து நோக்கற மாதிரி. நிக்கவெச்சு எடுத்தா கோடு விழும். எனக்கு அப்படித்தான் தோணுது."

"அப்ப நிக்க வெச்சு எடுத்தரலாமுங்க."

"எடுக்கலாம். ஆனா சாமி டாக்டர் ஒரு கோட்டை நம்பி வயிறு திறக்குமோ? மடிப்புன்னு சொல்லும், வாயுன்னு சொல்லும். முதல்ல ஒரு பொய்ப் பித்தப்பை வேணும். அதுல கல்லு போட்டு அந்தக் கோட்டைக் காட்டணும்."

பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டியில் பித்தப்பை வடிவத்துக்கு உட்குழிவு கடைய வேண்டும். எக்ஸ்ரே அதன் வழியாகக் கிட்டத்தட்டச் சதை வழியாகப் போவதுபோலப் போகும். நான் பட்டறை வழக்கப்படி செய்தேன். கட்டியை இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் அரைக் குழிவு கடைந்து, முகங்களை நீல மை தடவித் தேய்த்துச் சமப்படுத்தி ஒட்டினேன். கண்ணுக்கு ஒட்டுத் தெரியவில்லை. ஆட்டுப் பித்தத்தில் மருந்தைக் கலந்து ஊற்றி, பழைய பாட்டிலிலிருந்து சின்னஞ்சிறு கற்களைப் போட்டோம். காய்ந்த கல்லுக்குள் காற்று இருந்தால் பொய்யாக மிதக்கும் என்று டாக்டர் அவற்றை முன்பே ஊறவைத்திருந்தார். படம் எடுத்தோம். கோடு விழுந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

சாமி டாக்டர் வந்து பார்த்தார். மாதிரியைக் கையில் எடுத்து உருட்டினார். "கல்லு போடாம ஒண்ணு எடுங்கோ" என்றார்.

எடுத்தோம். அப்போதும் ஒரு கோடு இருந்தது.

"இது நீ ஒட்டின ஜாயிண்ட் ஆக்கும், நாச்சிமுத்து. முடியளவு காத்து உள்ளே மாட்டிண்டிருக்கு. எது உன் கோடு, எது கல்லோட கோடுன்னு நான் எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

சுபத்ரா டாக்டர் மாதிரியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அன்றைக்கு "போரா" என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டு என்றால் காற்று நுழையத்தானே செய்யும் என்றேன். அவளுக்கு அன்று வலி இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்:

"ஏனுங்க, நம்ம சித்தூர்ப் பக்கம் கள்ளு எறக்கறவங்க இடுப்புல சொரக்குடுக்க கட்டியிருப்பாங்களே. அதைய ரெண்டாப் பொளந்து ஒட்டியா வெச்சிருக்கறாங்க?"

"அது தானா வெளஞ்ச காயி."

"உள்ள இருக்கற சதைய யாரு எடுத்தா? வாய் வழியாக் கம்பிய உட்டுச் சொரண்டித்தான எடுக்கறாங்க. உங்க லேத்துக்கு அந்தக் கம்பி கெடைக்காதா? என்ர வயித்த அறுக்கறதுக்கு முன்னால அந்தக் கட்டிய அறுத்தே ஓஞ்சு போயிருவீங்களாட்ட இருக்குது."

லேத்தில் வாய் குறுகி உள் அகன்ற குழிவைக் கடைவது சாதாரண காரியம் அல்ல. வெட்டும் உளி உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தபின் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். ஒரு பழைய லாரி ஸ்பிரிங் துண்டைக் காய்ச்சி, வாத்துக் கழுத்துபோல வளைத்து, நுனியைச் சாணை பிடித்தேன். பெர்ஸ்பெக்ஸ் பொல்லாத பொருள். அவசரப்பட்டால் உருகி உளியில் ஒட்டும். அழுத்தினால் உள்ளுக்குள் வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீரை விட்டபடி, ஒரு நேரத்துக்கு மயிரிழை மட்டும் சீவினேன். வெட்டிய இடம் பனி படர்ந்ததுபோல் மங்கலாகிவிடும். தண்ணீரால் அலசினால் சில நொடி தெளியும். அந்த நொடியில் உளி எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்வேன். காதும் வேலை செய்தது. வெட்டு சரியாக இருந்தால் பட்டுத் துணி கிழிவது மாதிரி சத்தம். சத்தம் மாறினால் கையை எடுத்துவிடுவேன். முடிந்ததும் மூங்கில் குச்சியில் துணி சுற்றி, வெள்ளைப் பல்பொடி தொட்டு, வாய் வழியாகவே உட்புறத்தை மெருகேற்றினேன். ஒட்டு என்று ஒன்றுமே இல்லாத ஒரே கட்டி.

கல் போடாமல் எடுத்த படம் வெள்ளையாக, வெறுமையாக வந்தது. கல் போட்டுப் படுக்கவைத்து எடுத்தோம், அப்போதும் வெறுமை. நிறுத்தி எடுத்தோம். நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. சுபத்ரா டாக்டர் அந்த மாதிரியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அடுத்தது நிற்கவைத்து எடுக்க ஒரு சட்டம். எங்கள் மேஜை நிமிராது. இரண்டு குழாய்களை நட்டு, படத்தகடு மேலும் கீழும் நகரும்படி ஒரு தாங்கி செய்து மாட்டினேன். அம்மா மூன்றாவது முறை மாத்திரை விழுங்கினாள். காலையில் அந்தச் சட்டத்தின்முன் நிறுத்தி எடுத்தோம். படம் கழுவி வந்தது. வெள்ளைக் கத்தரிக்காயின் இடுப்பில் ஒரு கறுப்பு நூல்.

நான் குதிக்காத குறை. சாமி டாக்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாதிரியில கோட்டைப் பார்த்தேன். இதையும் பார்க்கறேன். ஆனா சில பேருக்குப் பித்தப்பையே மடிஞ்சிருக்கும், அதுவும் இப்படித்தான் விழும். ஒண்ணு பண்ணுங்கோ. அந்தப் பொண்ணைப் பக்கவாட்டுல சாய்ச்சு நிறுத்தி எடுங்கோ. மடிப்புன்னா உடம்போட சேர்ந்து சாயும். மிதக்கற கல்லுன்னா சாயாது, தரையோட மட்டத்துக்கே நிக்கும்."

சுபத்ரா டாக்டர் அவரையே பார்த்தார். "அது எனக்குத் தோணல்லே" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அம்மா இருந்த நிலையில் சாய்ந்து நிற்பது லேசான காரியமா? கற்கள் புது மட்டத்துக்கு வந்து சேரும்வரை ஆடாமல் நிற்கவும் வேண்டும். மாவு மில்லில் தேய்ந்துபோன அகலப் பெல்ட் ஒன்றை வாங்கி வந்து குழாய்களில் குறுக்கே கட்டினேன். தொட்டிலில் சாய்வதுபோல் சாய்ந்துகொள்ளலாம். இன்னொரு கவலையும் இருந்தது. சாய்ந்த உடம்பைப் படத்தில் பார்த்துவிட்டு எது நேர், எது கோணல் என்று எப்படிச் சொல்வது? தகட்டின்முன் மெல்லிய செம்புக் கம்பியில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். கம்பியின் நிழலும் படத்தில் விழும். அது பொய் சொல்லாது.

பாண்டி கதவோரம் நின்றிருந்தான். அம்மா பெல்ட்டில் சாய்ந்தாள். முகம் வெளுத்து வியர்த்தது.

"அக்கா, முடியலன்னா விட்ரு."

"சும்மா இரு பாண்டி. பேசினா சிரிப்பு வருது, வயிறு ஆடுது."

டாக்டர் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். விளக்கு எரிந்து அணைந்தது.

ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்கள். முதுகெலும்பு சாய்ந்திருந்தது. விலா எலும்புகள் சாய்ந்திருந்தன. பித்தப்பையும் சாய்ந்திருந்தது. அதற்குள் அந்தக் கறுப்பு நூல் மட்டும் வேறு கணக்கில் நின்றது.

"உங்கிட்ட மூலைமட்டம் இருக்கா?" என்று சாமி டாக்டர் கேட்டார்.

பட்டறைக்கு ஓடினேன். செங்கோணம் பார்க்கும் அந்த 'ட' வடிவ இரும்பின் எண்ணெய்க் கறையைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதன் ஒரு கையைச் செம்புக் கம்பியின் நிழலோடு பொருத்தினார். மறு கை அந்தக் கறுப்பு நூலின்மேல் போய்ப் படுத்தது. இம்மி விலகவில்லை. அவர் மூலைமட்டத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலம்பற முதல் கேஸ். ரத்தம் ரெடி பண்ணிக்கோங்கோ."

"நான் குடுக்கறேன்" என்று பாண்டி சட்டைக் கையை மடக்கினான். அன்றே எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி அவனை உட்காரவைக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாமி டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஸ்டீல் கிண்ணம். அதில் ராகி மணி அளவுக்குக் கற்கள், கிண்ணம் கொள்ளாமல்.

"எண்ண உட்கார்ந்தா அஸ்தமிச்சுடும்" என்றார். "சௌக்கியமா இருக்கா. பை வீங்கி, இன்னும் கொஞ்சம் போனா அழுகியிருக்கும். நல்ல நேரத்துல திறந்தோம்."

பாண்டி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "மச்சான், இம்புட்டுக் கேப்பையையுமா எங்கக்கா வயித்துல கட்டி வெச்சிருந்தா?" என்றவன், சட்டென்று திரும்பி, சுபத்ரா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். அவர் கும்பிடுவதற்குப் பதில் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சி ஆயிற்றே.

பிறகு அந்தப் பெர்ஸ்பெக்ஸ் பித்தப்பை டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குத் திருவனந்தபுரம் போனது. சுபத்ரா டாக்டர் அதைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து எடுத்துப் போனார். திரும்பி வந்ததும் என்னை அழைத்து, அங்கே எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான் என்றார்: ஒட்டு எங்கே இருக்கிறது என்று. "இல்லேன்னு சொன்னேன். நம்பல்லே. கையில குடுத்தேன்." அதோடு அடுத்த வேலையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அதன்பின் ஓய்வு பெறும்வரை எத்தனையோ செய்தேன். அன்றைக்கு நடந்தபடியே வீட்டுக்கு வந்தபோது இருந்த நெஞ்சு நிமிர்வு வேறு எதற்கும் வரவில்லை.

அந்தச் சட்டத்துக்கு வேலை ஓயவில்லை. வாயு என்றும் நடிப்பு என்றும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வந்து நின்றார்கள். மலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் கல் இருக்கவில்லை. இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் தோட்டத்துப் பெண் ஒருத்தி சாயமாட்டேன் என்று அழுதாள். பெல்ட் அறுந்து விழுந்துவிடுவோம் என்று பயம். நர்ஸ் மலையாளத்தில் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன், டாக்டர் இரண்டிலும் சொன்னார். எனக்குச் சோறு கொண்டுவந்த உங்கம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளே பெல்ட்டில் ஒருக்களித்துச் சாய்ந்து காட்டினாள்.

"இங்க பாரு புள்ள, இப்படித்தான். பயப்படாமச் சாயி. நீ எவ்வளவு சாஞ்சாலும் அந்தக் கல்லு சாயாது. அதைய வெச்சுத்தான் புடிப்பாங்க."

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வலிக்குமாக்கா?" என்றாள்.

"இப்ப வலிக்கறதக் காட்டிலுமா?" என்று சொல்லி, உங்கம்மா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.